டெங்கு பரவாமல் தடுக்க வீட்டிலும் தெருவிலும் வாரந்தோறும் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் 42 வீடுகள். குடிநீர் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அதனால் அண்டா, குடம், டிரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பாத்திரத்துக்குக் குறையாமல் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். சில மழைக்காலங்களாக நாங்கள் ஏழெட்டுப் பேர் வாரத்தில் ஒருநாள் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்த்து வருகிறோம். புதிதாக எங்களோடு சேர்பவர்கள் பெரும்பாலும் சாக்கடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள், புகை மருந்து அடிக்கச் சொல்லி மனு எழுதுவார்கள். முதல் வருடம் நாங்களும் அப்படித்தான் இரண்டு மாதத்தை வீணாக்கினோம். அந்த இரண்டு மாதமும் டெங்குக் கொசு வீட்டுக்குள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் வளர்ந்துகொண்டிருந்தது.

இந்த வேலையில் வரிசை முக்கியம். ஆனால் உங்கள் வீட்டில் இப்போதே யாருக்காவது காய்ச்சல் இருந்தால், முதலில் 8ஆம் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

1. முதலில் நாள் கணக்கைப் பிடியுங்கள்

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள். நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலையில் இருட்டுவதற்கு முன்பும் கடி அதிகம்.

முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்று சொல்வது இதனால்தான். பத்து நாள் விட்டால் ஒரு தலைமுறை பறந்து போயிருக்கும்.

டெங்கு உள்ளவரைக் கடித்த கொசுவின் உடம்பில் கிருமி பெருக 8 முதல் 12 நாள் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தக் கொசு சாகும்வரை, கடிக்கும் ஒவ்வொருவருக்கும் கிருமியைக் கொடுக்கலாம். கடிபட்டவருக்குக் காய்ச்சல் தெரிய இன்னும் 4 முதல் 10 நாள். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இன்று ஒரு வீட்டில் தெரிகிற காய்ச்சலுக்குக் காரணமான கொசு, மூன்று நான்கு வாரத்துக்கு முன்பு யாரும் கவனிக்காத ஏதோ தண்ணீரில் வளர்ந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிடிபடும். ஒன்று, வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்றால் செப்டம்பர் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். இன்னொன்று, ஆரம்பித்த பிறகும் மூன்று வாரம்வரை புதுக் காய்ச்சல் வரலாம். "இவ்வளவு செய்தும் வருதே" என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அது பழைய கொசுக்களின் கணக்கு, தொடர்ந்து செய்யுங்கள்.

கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஆனாலும் அவர்களிடமிருந்து கொசுவுக்குக் கிருமி போகும். அதனால் "நம்ம தெருவில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே" என்று காத்திருக்கக் கூடாது.

2. நாளைக் குறியுங்கள், சாமான்களை எடுத்து வையுங்கள்

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஞாயிறு காலை 7 மணி. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிற கொசு. உங்கள் வீட்டில் கடிப்பது உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்ததாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு நாள் சுத்தம் செய்தால் எப்போதும் ஏதாவது ஒரு வீட்டில் புழு வளர்ந்துகொண்டே இருக்கும்.

உங்கள் ஊரில் தண்ணீர் குறிப்பிட்ட கிழமையில் வருமென்றால், அதற்கு முந்தைய நாளாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. பாத்திரங்கள் அனேகமாகக் காலியாக இருக்கும், தேய்க்க மனம் வரும். தண்ணீர் பிடித்த மறுநாள் போய் "கொட்டுங்க அக்கா" என்றால் யார் கொட்டுவார்கள்? சிரமப்பட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பிடித்த தண்ணீர் அது.

தேவையானவை: நல்ல வெளிச்சமுள்ள டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், நீளக் கைப்பிடிக் கரண்டி, தேங்காய் நார் அல்லது முரட்டு பிரஷ், டீ வடிகட்டி, பழைய வேட்டித் துணி, டயர் டியூபை வளையமாக வெட்டிய ரப்பர், ஒரு நோட்டு. செல்போன் வெளிச்சம் போதும் என்று வருகிறவர்கள் இருண்ட தொட்டிகளில் புழுவைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். டார்ச் கட்டாயம்.

3. வீட்டுக்குள்ளிருந்து தொடங்கி வெளியே வாருங்கள்

ஏடிஸ் வீட்டோடு ஒட்டி வாழும் கொசு. கட்டிலுக்கு அடியில், தொங்கும் துணிகளுக்குப் பின்னால், இருட்டான மூலையில் ஓய்வெடுக்கும். கடிக்க ஆளும் முட்டையிடத் தண்ணீரும் அருகருகே கிடைப்பது வீட்டுக்குள்தான். வெளியிலிருந்து தொடங்கினால் உள்ளே வருவதற்குள் வெயில் ஏறிவிடும், பொறுமையும் போய்விடும்.

முதலில் ஃபிரிட்ஜ். பின்பக்கம் கீழே, ஐஸ் உருகி வரும் தண்ணீர் சேரும் தட்டு ஒன்று பல மாடல்களில் உண்டு. இது இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபிரிட்ஜை நகர்த்தித் தட்டைக் கழற்றுங்கள். கழற்ற வராத தட்டு என்றால் துணியால் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, உட்புறத்தை அழுத்தித் துடைத்துவிடுங்கள்.

அடுத்து ஏர்கூலர். கோடை முடிந்ததும் அடியில் இரண்டு விரல் தண்ணீரோடு அப்படியே மூலையில் நிறுத்திவிடுகிறோம். வடித்து, தேய்த்து, உள்ளே இருக்கும் புல் மெத்தையையும் வெயிலில் காயவைத்த பிறகே மூடி வைக்க வேண்டும்.

அப்புறம் மணி பிளான்ட் பாட்டில். தண்ணீரை மாற்றினால் போதாது, வேரில் முட்டை ஒட்டியிருக்கும். வேரையும் அலசி, பாட்டிலின் உட்புறத்தையும் தேய்க்க வேண்டும். என்னைக் கேட்டால் மண் தொட்டிக்கு மாற்றிவிடுவது உத்தமம்.

யாரும் பயன்படுத்தாத கழிப்பறையை மறக்காதீர்கள். விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் அறை, மகனோ மகளோ வெளியூர் போனபின் பூட்டிக் கிடக்கும் மாடி அறை. அங்கே கோப்பையிலும் ஃப்ளஷ் டேங்கிலும் வாரக்கணக்கில் தண்ணீர் அசையாமல் நிற்கும். வாரம் ஒருமுறை ஃப்ளஷ் செய்து மூடியை மூடுங்கள். மாதக்கணக்கில் பூட்டுவதாக இருந்தால் டேங்கை வடித்துவிட்டு, கோப்பையை பாலித்தீனால் மூடி டேப் ஒட்டிவிடலாம்.

4. புழு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாத்திரத்தின் அருகே வந்ததும் உடனே டார்ச் அடிக்காதீர்கள், பாத்திரத்தைத் தட்டாதீர்கள். நிழல் பட்டாலும் அசைந்தாலும் புழுக்கள் அடிக்குப் போய்விடும். பார்ப்பவர் "ஒன்றுமில்லை" என்று போய்விடுவார். முதலில் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். மூச்சுவிட அவை மேலே வந்தே ஆக வேண்டும். அப்போது பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, கலைத்தால் பாம்புபோல் வளைந்து நெளிந்து கீழே போனால் அது கொசுப்புழு. கமா வடிவில் சுருண்டு, துள்ளித் துள்ளி நகர்வது கூட்டுப்புழு. கூட்டுப்புழு கொசுவாக இன்னும் ஓரிரு நாள்தான் இருக்கிறது, அந்தத் தண்ணீரை நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. கரண்டியால் மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் இரண்டும் தெளிவாகத் தெரியும்.

அந்தக் கிண்ணத்தை வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள். நாங்கள் நோட்டீஸ் கொடுத்துப் பார்த்தோம், மைக் கட்டிச் சொல்லியும் பார்த்தோம். தன் வீட்டுக் குடத்திலிருந்து எடுத்த தண்ணீரில் புழு நெளிவதைக் கண்ணால் பார்த்த அம்மாக்கள்தான் மறுவாரம் நாங்கள் போவதற்கு முன்பே தேய்த்து வைத்திருந்தார்கள்.

5. கொட்டுங்கள், தேயுங்கள், காயவையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கரிப்பொடி தூவியதுபோல இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று படாது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரில் இருக்கும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். வாரந்தோறும் தண்ணீரை மாற்றியும் புழு வருகிறது என்று சொல்பவர்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

முதலில் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். மண்ணில் புழு செத்துவிடும். சாக்கடையிலோ வேறு வாளியிலோ ஊற்றினால் பிழைத்துக்கொள்ளலாம். செடிக்கு ஊற்றலாம், தொட்டியின் அடித்தட்டில் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உட்சுவர் முழுவதையும் நாரால் அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் நின்ற கோட்டிலிருந்து ஒரு சாண் மேலே வரை தேய்க்க வேண்டும். குடத்தின் கழுத்து வளைவு, டிரம்மின் விளிம்பு மடிப்பு, பிளாஸ்டிக் தொட்டியின் வரிப்பள்ளங்கள் ஆகிய மூன்றிலும்தான் கை போகாமல் முட்டை தங்கும். சொரசொரப்பான சிமெண்ட் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் குழைத்து உட்சுவரில் பூசி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழிப்பறை ஆசிட்டை அதனோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும்.

தேய்த்த அழுக்குத் தண்ணீரையும் மண்ணில்தான் கொட்ட வேண்டும். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள்.

"குடிநீரில் குளோரின் இருக்கிறதே, புழு எப்படி வரும்?" என்று கேட்பார்கள். குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் கொல்லும். கொசுப்புழு அதில் சாகாது.

6. கொட்ட முடியாத தண்ணீரை மூடுங்கள்

சம்ப், மேல்நிலைத் தொட்டி, கிணறு எல்லாவற்றையும் வாரந்தோறும் கொட்ட முடியாது. இங்கே செய்ய வேண்டியது கொசு உள்ளே போகாமல் அடைப்பது.

அரைகுறை மூடியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். டிரம்மின் மேல் ஒரு பலகையை வைத்துவிட்டு மூடியாயிற்று என்று நினைக்கிறோம். இருட்டும் நிழலும் அசையாத தண்ணீரும் ஏடிஸுக்குப் பிடித்தவை. ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் உள்ளே போய்விடும். வேட்டித் துணியை இரண்டாக மடித்து வாயில் போர்த்தி, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டுங்கள். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது. நனைந்த துணியிலும் முட்டையிடும்.

சம்ப் மூடியின் விளிம்பையும் பிடிக்கும் துளையையும் பாருங்கள். மேல்நிலைத் தொட்டியின் மூடி காற்றில் பறந்துபோய்ப் பல மாதம் ஆகியிருக்கும். ஏறிப் பார்த்தால்தான் தெரியும். ஓவர்ஃப்ளோ குழாயின் வாயிலும் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாயிலும் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். சம்ப்பைக் கழுவ யாரும் தனியாக உள்ளே இறங்க வேண்டாம். மூடியை நன்றாகத் திறந்துபோட்டு, உள்ளே காற்று நன்றாகப் போய் வந்த பிறகு, மேலே ஓர் ஆள் நிற்க, அனுபவமுள்ளவர் இறங்கட்டும்.

கிணற்றுக்கும் பெரிய திறந்த தொட்டிக்கும் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடலாம். சுகாதாரப் பணியாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்து புழுவைக் கொல்லும். ஆனால் கூட்டுப்புழு எதையும் தின்னாது, மருந்து அதன் வயிற்றுக்குள் போகாது. மருந்து ஊற்றிய வாரமும் வடிகட்டியால் கூட்டுப்புழுவை அள்ளி மண்ணில் போட வேண்டியது நம் வேலை. மருந்தின் அளவை நாமே முடிவுசெய்து ஊற்றக் கூடாது.

7. மாடி, கொல்லை, தெரு

மொட்டை மாடியில் பழைய டயர், உடைந்த பக்கெட், தார்ப்பாய் மடிப்பு, சன்ஷேடு பள்ளம், காக்காய்க்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்தை எடுக்க வேண்டாம், பறவைகளும் குடிக்கட்டும். தினமும் கழுவி நிரப்புங்கள். கொல்லையில் ஆட்டுக்கல்லின் குழி, தேங்காய்ச் சிரட்டை, டீ கப், பூந்தொட்டித் தட்டு. பயன்படுத்தாத ஆட்டுக்கல்லில் மணலை நிரப்பிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள், பால் வெட்டாத காலத்தில் மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்துவிட வேண்டும்.

தெருவில் இரண்டு இடம் சிக்கலானவை. கட்டடம் கட்டுமிடத்தில் லிஃப்ட் பள்ளம், செங்கல் நனைக்கும் தொட்டி, கான்கிரீட் ஆறப் பாத்தி கட்டி விட்ட தண்ணீர் எல்லாம் வாரக்கணக்கில் நிற்கும். மேஸ்திரியிடம் பேசி வாரம் ஒருநாள் காயவிடச் சொல்லுங்கள். அங்கே தங்கி வேலை செய்பவர்களின் குழந்தைகள்தான் முதலில் கடிபடுகிறார்கள் என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

பூட்டிய வீடு இன்னொன்று. உரிமையாளருக்கு ஃபோன் செய்து சாவி யாரிடம் என்று கேளுங்கள். சுவரேறிக் குதிக்காதீர்கள். பதில் வராவிட்டால் உள்ளாட்சிச் சுகாதார அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

8. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்

காய்ச்சல் தொடங்கிய முதல் 5 முதல் 7 நாள்வரை அவருடைய ரத்தத்தில் கிருமி இருக்கும். அந்த நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு கிருமியை வாங்கிக்கொள்ளும். அதனால் டெங்கு என்று உறுதியாகும்வரை காத்திருக்காமல், முதல் நாளிலிருந்தே அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். டெங்கு தொடுவதால் பரவாது, தட்டு தம்ளரைத் தனியே வைக்க வேண்டியதில்லை.

மருத்துவரிடம் போங்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை (ரத்தத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுவது), அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனை (கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது) என்று அவர் எழுதுவார். ஐந்தாம் நாளுக்குப் பிறகு எடுத்த என்.எஸ்.1 "இல்லை" என்று வந்ததால் டெங்கு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். கடையில் "உடம்பு வலிக்கு" என்று கேட்டு வாங்கும் மாத்திரையில் இவை இருக்கலாம்.

கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ குடிப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "அப்பாடா, விட்டுவிட்டது" என்று நினைக்கிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவது அப்போதுதான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் ஜில்லென்று போவது, சோர்ந்து கிடப்பது அல்லது அமைதியில்லாமல் புரள்வது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்று தயங்காதீர்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

டெங்கு கிருமியில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்தால் அந்த வகைக்கு மட்டும்தான் நிலையான எதிர்ப்பு. வேறு வகை இரண்டாம் முறை வரும்போது தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். முன்பே வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

புகை மருந்துக்கு இடம் உண்டென்றால் அது இங்கேதான். காய்ச்சல் வந்த வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் அடித்தால், கிருமியோடு பறக்கும் கொசுக்கள் சாகும். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டால் தெருவில் மட்டும் புகை போகும், கொசு உள்ளே பத்திரமாக இருக்கும். அடிப்பவர்கள் சொல்வதைக் கேட்டு, உணவையும் குடிநீரையும் மூடிவிட்டு, வீட்டைத் திறந்து கொடுங்கள். முட்டைக்கும் புழுவுக்கும் புகையால் ஒன்றும் ஆகாது. அன்றே 5ஆம் பகுதியில் சொன்னபடி தேயுங்கள்.

9. பகல் கடி

ராத்திரிக்கு வலை கட்டுகிறோம், பகலில் தூளியில் தூங்கும் குழந்தையை மறந்துவிடுகிறோம். தூளியைச் சுற்றி வலை போடுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் முழுக்கைச் சட்டை. ஜன்னல் வலையில் ஓட்டை இருந்தால் தைத்துவிடுங்கள்.

10. நோட்டில் எழுதுங்கள்

தேதி, பார்த்த வீடுகள், புழு இருந்த வீடுகள், எந்தப் பாத்திரத்தில் என்ற நான்கும் போதும். 42 வீட்டில் 6 வீட்டில் புழு என்றால் நூற்றுக்கு 14. இந்த எண் வாரந்தோறும் இறங்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரைப் பொதுவில் வாசிக்காதீர்கள். அவமானப்பட்டவர் அடுத்த வாரம் கதவைத் திறக்க மாட்டார்.

எண்ணைவிடப் பாத்திரத்தின் பெயர்தான் அதிகம் உதவும். எங்கள் நோட்டில் ஒரு வீட்டின் சிமெண்ட் தொட்டி மூன்று வாரம் தொடர்ந்து வந்தது. அந்தப் பாட்டிக்குக் குனிந்து தேய்க்க முடியவில்லை என்பது நாலாவது வாரம்தான் புரிந்தது. இப்போது பக்கத்து வீட்டுத் தம்பி சனிக்கிழமை சாயங்காலம் போய்த் தேய்த்துக் கொடுக்கிறான். உங்கள் நோட்டிலும் ஒரே பாத்திரம் திரும்பத் திரும்ப வந்தால், மறுபடி அறிவுரை சொல்வதற்கு முன் அந்த வீட்டில் யார் தேய்க்கிறார்கள் என்று கேளுங்கள்.